ஊர் பார்க்கவா, ஆள் பார்க்கவா?

பயணம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் திருச்சி ரயில் நிலைய முன்பதிவு கவுண்டரில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். குழந்தையைக் கூட்டிக்கொண்டு பழைய சிநேகிதர்களைப் பார்க்கப் போவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் கரூர். மகளுக்கு 6 வயது. கோவையில் படித்தபோது விடுதியில் ஒரே அறையில் இருந்த நான்கு தோழிகளில் ஒருத்தி கோவையிலேயே இருக்கிறாள். மற்றவர்கள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர். கல்யாணத்துக்குப் பிறகு யாரையும் நேரில் பார்க்கவில்லை, போன் பேச்சுதான். மே மாதம் 4 நாள் கிடைத்திருக்கிறது. கணவருக்கு லீவு இல்லை. நாலு பேர் வீட்டுக்கும் போய்விட்டு, அப்படியே ஊட்டி, தொட்டபெட்டா, பைக்காரா எல்லாம் மகளுக்குக் காட்டிவிடலாம் என்று திட்டம் போட்டிருக்கிறேன். சரிப்பட்டு வருமா? அவள் எங்களைப் பேசவே விடமாட்டாளோ என்றும் பயமாக இருக்கிறது. (வாசகி, கரூர்)

பதில்: சரிப்பட்டு வராதும்மா. நான்கு வீடு, மூன்று சுற்றுலா இடம், 6 வயதுக் குழந்தை, மே மாத நீலகிரி. இதில் பாதி நேரம் பஸ்ஸில் போய்விடும். மே மாதம் ஊட்டியில் மலர்க்கண்காட்சி. கூட்டம் அதிகமானால் ஏறுகிற வண்டி குன்னூர் வழி, இறங்குகிற வண்டி கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள். கூடலூர் ஊட்டியிலிருந்து இன்னும் 50 கிலோமீட்டர் அந்தப் பக்கம். குழந்தை களைத்துப்போய் அழும், நீங்கள் அதட்டுவீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் காபி குடித்து, போட்டோ எடுத்து, "அடுத்த தடவை நிதானமா வரேண்டி" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவீர்கள். எத்தனையோ வருடம் கழித்து அதற்கா போகிறீர்கள்?

கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் இப்படித் திட்டம் போட்டுக்கொண்டு வருபவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். ஊர் பார்க்கப் போகிறீர்களா, ஆள் பார்க்கப் போகிறீர்களா? ஆள் என்று முடிவு செய்துவிட்டால் ஊர்களைத் தயங்காமல் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். தொட்டபெட்டா அங்கேயேதான் இருக்கும். உங்கள் மகள் பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலேயே கூட்டிப் போவார்கள்.

உங்களுக்கு நான் சொல்கிற வழி இது. நாலு பேர் வீட்டுக்கும் நீங்கள் போக வேண்டாம். நாலு பேரும் ஒரு வீட்டுக்கு வரட்டும். குன்னூர் நடுவில் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து அங்கே நேர் பஸ் உண்டு. கூடலூர்த் தோழி ஊட்டி வந்து மாறி இறங்க வேண்டும், அது அவளுக்கு ஒரே ஒரு நாள் அலைச்சல். முதல் நாள் காலை கரூரில் பஸ் ஏறி, காங்கயம், பல்லடம் வழியாகக் கோவை. அன்று ராத்திரி கோவைத் தோழி வீட்டில் தங்குங்கள். மறுநாள் அவளையும் கிளப்பிக் கொண்டு மேட்டுப்பாளையம் போய், காலை 7.10-க்குப் புறப்படும் மலை ரயிலில் ஏறுங்கள். குன்னூரில் 2 ராத்திரி. நாலாம் நாள் இறங்கி வீடு. அவ்வளவுதான்.

மலை ரயிலை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் உண்டு. தோழியும் நீங்களும் எழுந்து ஓட முடியாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். குழந்தைக்கும் அந்த நேரமெல்லாம் பார்க்க ஏதாவது இருக்கும். கல்லாறு தாண்டினால் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஆரம்பிக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் இருந்து இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளும். இதை மகளிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "எஞ்சின் எங்கே காணோம்?" என்று அவளே கேட்கட்டும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் பிடிக்க ஓர் ஊழியர் நிற்பார், அவர் கொடி அசைப்பதைப் பார்த்துக்கொண்டே வரலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 16 குகை. குன்னூர் வரை 1899-இல் போட்ட பாதை, ஊட்டிக்கு நீட்டியது 1908-இல். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மே மாதத்துக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். 60 நாள் முன்பே திறக்கும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் மனசை விடாதீர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் அடிக்கடி இருக்கிறது.

போவதற்கு முன் குன்னூர்த் தோழியிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். வீட்டில் மாமியார் இருக்கிறாரா, நாலு பேர் படுக்க இடம் உண்டா, சமையல் யார் தலையில் விழும்? "ரெண்டு ராத்திரி, நாலு பேரு, ஒரு குழந்தை. உனக்குக் கஷ்டம்னா பக்கத்துல ஒரு ரூம் போட்டுக்கறோம், தப்பா எடுத்துக்க மாட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். அவள் "சீ, போடி" என்பாள். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். அரிசி, பருப்பு, காய்கறிச் செலவை வருகிற நால்வரும் பகிர்ந்து கொள்ளுங்கள். காலை இட்லிக்கு மாவு கோவையிலிருந்தே வரட்டும்.

இப்போது மகள் விஷயம். அவள் பேச விடமாட்டாள் என்று பயப்படுகிறீர்கள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் ஆள் கிடைத்துவிட்டால் விட்டுவிடுவாள். இதை நான் பார்த்திருக்கிறேன்.

என் சிநேகிதி ஒருத்தி திருச்சியில் என்னோடு படித்தவள், நாகர்கோவில் பக்கம் தோவாளை. என் மகள் ஒன்றாவது படிக்கும்போது முதல் தடவையாக அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். தோவாளை பூவுக்குப் பேர்போன ஊர், அதிகாலையிலேயே பூச்சந்தை கூடிவிடும். சிநேகிதியின் அம்மா திண்ணையில் பிச்சிப்பூக் கூடையோடு உட்கார்ந்திருப்பார். என் மகளைப் பார்த்ததும், "மக்களே, இங்கன வா, இந்த நாரைப் பிடி" என்றார். நாகர்கோவில் பக்கம் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒற்றைக் குழந்தையான அவளை யாரோ "மக்களே" என்றதும் திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு யாரையாவது கூப்பிடுகிறார்களா என்று. பிறகு போய் உட்கார்ந்தாள். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. முடிச்சு நழுவி நழுவிப் போகும். அந்த அம்மா ஒரு தடவைகூட அவிழ்த்துத் தான் கட்டிக் கொடுக்கவில்லை. நடுவில் மட்டிப்பழம் உரித்துக் கொடுப்பார். நானும் என் சிநேகிதியும் பின்கட்டில் மத்தியானம் வரை பேசிக்கொண்டிருந்தோம், எங்களை யாரும் தேடவில்லை. அன்று கட்டிய சரத்தைத்தான் திரும்பி வரும்போது ரயிலில் என் தலையில் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் நாகர்கோவில் போவது எனக்கு என் சிநேகிதியைப் பார்க்க, அவளுக்குப் பாட்டியைப் பார்க்க. அந்த அம்மா காலமானபோது என் மகள் கல்லூரிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னாலேயே அவள் தோவாளைக்குப் போயிருந்தாள்.

ஆகவே குன்னூர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பாட்டியோ, பெரிய பெண்ணோ, ஒரு நாயோகூடப் போதும். மகளுக்குக் காட்ட ஓர் இடம் வேண்டுமென்றால் சிம்ஸ் பூங்கா ஒன்று போதும். 1874-இல் ஆரம்பித்த தோட்டம், பெரிய பெரிய மரங்கள், ஓடியாடப் புல்வெளி. முறை வைத்துக்கொண்டு ஒரு தோழி மகளைக் கூட்டிப் போகட்டும், மற்றவர்கள் மரத்தடியில் உட்காருங்கள். முதல் நாளே தனியாக அனுப்ப வேண்டாம், இரண்டாம் நாள் அவளே போவாள். சாயங்காலம் டீயும் வர்க்கியும் அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ராத்திரி அவள் தூங்கிய பிறகு உள்ள நேரம் முழுக்க உங்களுடையது, அதற்காகவே பகலில் கொஞ்சம் தூங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "ஆன்ட்டிக்கு ரைம்ஸ் சொல்லு, டான்ஸ் ஆடிக் காட்டு" என்று குழந்தையை நடுவில் நிறுத்தாதீர்கள். அவள் முகம் தெரியாத வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு முன்னாலேயே அவள் சாப்பிடாததையும் அடம் பிடிப்பதையும் தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கவும் வேண்டாம். அதே சமயம், தோழிகள் உங்களை விடுதிப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு முதுகில் ஓர் அடி வைக்கும்போது, "குழந்தை இருக்கு, சும்மா இருங்கடி" என்று அடக்காதீர்கள். அவளுக்கு நீங்கள் இதுவரை அம்மாவாக மட்டுமே இருந்திருக்கிறீர்கள். உங்களை "வாடி, போடி" என்று அதட்டுகிற ஆள்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை அவள் பார்ப்பது நல்லது.

ஞாபகத்துக்கு இரண்டு விஷயம். சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போவதானால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே முதல் இருக்கும் ஏற்பாடு. அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு போங்கள்.

கேள்வி: என் பையனுக்கு 5 வயது முடிந்து 2 மாதம். ராத்திரி ரயிலில் என்னோடு படுத்துக்கொள்வான். டிக்கெட் எடுக்க வேண்டுமா? எனக்கு 46 வயது, கீழ் பெர்த் கோட்டாவில் எடுக்க முடியுமா? (வாசகி, விருத்தாசலம்)

பதில்: 5 வயது முடியும்வரைதான் டிக்கெட் இல்லாமல் போகலாம். 5 முடிந்து 12 முடியாத பிள்ளைக்கு, தனி பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட், பெர்த் வேண்டும் என்றால் முழுக் கட்டணம். 2016 ஏப்ரலில் வந்த மாற்றம் இது. அதற்கு முன் அரைக் கட்டணத்திலேயே பெர்த் கிடைக்கும். பழைய ஞாபகத்தில் வந்து கவுண்டரில் வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர். வயதுக்கு அத்தாட்சியாக ஆதார் நகல் கையில் இருக்கட்டும்.

45 வயதான பெண்களுக்குக் கீழ் பெர்த் கோட்டா உண்டு. ஆனால் தனியாகப் போகும்போதோ, அந்தத் தகுதி உள்ள இருவர் ஒரே டிக்கெட்டில் போகும்போதோதான் கிடைக்கும். பையன் பெயரையும் அதே டிக்கெட்டில் சேர்த்தால் பொதுக் கோட்டாவில்தான் எடுக்க வேண்டும். இணையத்தில் எடுத்தால், "ஒரு கீழ் பெர்த்தாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்" என்று ஒரு விருப்பம் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பெர்த்தில் இருவர் படுக்கும்போது பையன் சுவர்ப் பக்கம். என்னைக் கேட்டால், 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட ராத்திரிப் பயணத்துக்கு அவனுக்கும் ஒரு பெர்த் எடுத்துவிடுங்கள். நீங்கள் தூங்காமல் போய் இறங்கினால், உங்களுக்காகக் காத்திருக்கும் தோழிக்குக் கிடைப்பது உங்கள் கொட்டாவிதான்.

அரசு பஸ்ஸில் 5 வயது வரை இலவசம், அதற்குமேல் 12 வரை அரை டிக்கெட்.

கேள்வி: எனக்கு ஒன்றரை வயதில் ஒரு பையன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த தோழி தஞ்சாவூரில் இருக்கிறாள். கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை, சிகிச்சை எடுத்துக் களைத்துவிட்டாள். என் பையன் பிறந்ததிலிருந்து அவள் பேசுவது குறைந்துவிட்டது. போய்ப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. பையனைத் தூக்கிக்கொண்டு போனால் அவள் மனசு புண்படுமா? அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகட்டுமா? (பெயர் வேண்டாம், கும்பகோணம்)

பதில்: இந்த முடிவை நீங்கள் எடுக்காதீர்கள், அவளிடமே கேளுங்கள். "உன்னைப் பார்க்கணும்போல இருக்கு. பையனோட வரட்டுமா, தனியா வரட்டுமா? உனக்கு எது சரியோ அது எனக்கும் சரி" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். போனில் கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி. எழுதினால் ஒரு நாள் யோசித்துப் பதில் போடுவாள்.

இவளை மாதிரிப் பெண்களைப் பற்றி நம் ஊரில் மற்றவர்களே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுகிறார்கள். வளைகாப்புக்கு அழைப்பதா, காதுகுத்துக்குச் சொல்வதா, குழந்தையைக் கையில் கொடுப்பதா என்று அவள் இல்லாத இடத்தில் பேசி முடித்துவிட்டு, அதை இரக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் பையனை ஒளித்து வைத்துவிட்டுப் போனால் அவளுக்கு அது உடனே தெரிந்துவிடும். அவள் பேச்சைக் குறைத்தது உங்கள் பையன் மேல் உள்ள வருத்தத்தால் இருக்க வேண்டுமென்பதும் இல்லை. உங்களுக்கு நேரம் இருக்காது என்று ஒதுங்கியிருக்கலாம்.

தனியாக வா என்றால் தனியாகப் போங்கள். அவள் கேட்கும்வரை போனில் பையன் போட்டோவைத் திறக்காதீர்கள், கேட்டால் மறைக்காதீர்கள். பையனோடு வா என்றால், "மடியில வெச்சுக்கோ, உனக்கும் சீக்கிரம் நடக்கும்" என்ற பேச்சு உங்கள் வாயில் வரவே கூடாது. "உனக்கென்ன, நிம்மதியா தூங்கற" என்பதும் அப்படித்தான். நீங்கள் போகிற வட்டாரத்திலேயே, குழந்தை வரம் வேண்டிப் போகிற திருக்கருகாவூர் கோயில் இருக்கிறது. அவள் கேட்காமல் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதி நெய்ப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். இத்தனை வருடத்தில் எத்தனை உறவுக்காரர்கள் அதைக் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவளுக்குப் பிடித்த பலகாரம் ஏதாவது வாங்கிப் போங்கள். பள்ளிக்கூடத்து வாசலில் என்ன வாங்கித் தின்றீர்களோ, அது.

வீட்டுக்குள்ளேயே உட்கார வேண்டாம். பெரிய கோயில் புல்வெளிக்குச் சாயங்காலம் போங்கள். பையன் தத்தித் தத்தி ஓட அங்கே இடம் உண்டு, அவன் பின்னால் யார் ஓடுவது என்பது தானாக அமையும். அவள் ஓடினால் ஓடட்டும், உட்கார்ந்திருந்தால் உட்காரட்டும். அவள் வேலை, அவள் வீடு, அவள் அம்மாவின் உடம்பு என்று அவளைப் பற்றிக் கேளுங்கள். சிகிச்சை பற்றி அவளே ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள், எந்த டாக்டர் பேரும் சொல்லாதீர்கள். கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒரே நாளில் எல்லாம் பேசி முடிக்க வேண்டியதில்லை, மாதம் ஒரு தடவை போகலாம்.

கேள்வி: மலைப்பாதையில் எங்கள் 7 வயது மகன் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுக்கிறான். ஏற்காட்டில் இருக்கும் நண்பன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். என்ன செய்வது? (வாசகர், ஆத்தூர்)

பதில்: 2 வயதிலிருந்து 12 வயது வரை இது அதிகம், வளர வளரப் பெரும்பாலும் குறைந்துவிடும். வண்டி திரும்புவது உள்காதுக்குத் தெரிகிறது. கண் கையிலிருக்கும் போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டிருந்தால், ஒன்றும் அசையவில்லை என்று கண் சொல்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாததால் வருகிற குமட்டல். அதனால் போன் கூடாது, புத்தகமும் கூடாது. முன்பக்கம் ஜன்னலோரம் உட்காரவைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். வெறும் வயிறும் வேண்டாம், பூரி மசாலாவும் வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் இரண்டு இட்லி போதும். பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள், அவன் எடைக்கு ஏற்ற மருந்தைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். போய்ச் சேர்ந்ததும் அரை மணி நேரம் யாரும் அவனைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாமென்று நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: 1999-இல் அருப்புக்கோட்டையில் பத்தாவது படித்தவர்கள் சந்திப்பு. குடும்பம் வேண்டாம், நாம் மட்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் முடிவாகிவிட்டது. நான் சென்னையிலிருந்து 9 வயது மகனோடுதான் வர முடியும், மனைவிக்கு அந்த வாரம் இரவுப் பணி. கூட்டிப் போகலாமா? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: ஊருக்குக் கூட்டிப் போங்கள், மண்டபத்துக்கு வேண்டாம். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டை நீங்கள் ஒருவர் மீறினால், மனைவி மக்களை விட்டுவிட்டு வந்தவர்களுக்குச் சங்கடம். அந்த அரைநாள் உங்கள் சொந்தக்காரர் வீட்டிலோ உள்ளூர் நண்பர் வீட்டிலோ மகன் இருக்கட்டும். உள்ளூர் நண்பருக்கு அவன் வயதில் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு அவனைக் கூட்டிப் போங்கள். இரண்டு மூன்று நண்பர்கள் கூட வந்தால், நீங்கள் முட்டி போட்ட இடத்தை அவர்கள் அவனுக்குக் காட்டுவார்கள். சிலம்பு எக்ஸ்பிரஸ் அருப்புக்கோட்டை வழியாகவே போகிறது, வாரத்தில் எல்லா நாளும் கிடையாது. நாள் பார்த்து எடுங்கள்.

கேள்வி: எனக்கு 11 வயது. லீவில் அம்மா அவங்க ஃப்ரெண்ட் வீட்டுக்கு மதுரைக்குப் போறாங்க. அங்க எனக்கு யாரையும் தெரியாது. நான் எதுக்குப் போகணும்? (சிதம்பரத்திலிருந்து ஒரு மாணவி)

பதில்: கண்ணு, நீ கேட்பது நியாயம்தான். போகும் முன் அம்மாவிடம் உன் பக்கத்து நிபந்தனை ஒன்றைச் சொல்: 3 நாளில் ஒரு மாலை நீ சொல்கிற இடத்துக்கு எல்லோரும் வர வேண்டும். திருமலை நாயக்கர் மகாலில் சாயங்காலம் ஒலி ஒளிக் காட்சி இருக்கிறதா என்று விசாரித்துக்கொள், வெயில் நாளில் ராத்திரி ஜிகர்தண்டா உண்டு, எது வேண்டுமென்று நீயே முடிவு செய்.

அங்கே போனதும் அம்மா குளிக்கவோ தூங்கவோ போன நேரம் பார்த்து அந்த ஆன்ட்டியிடம் மூன்று கேள்வி கேள். எங்க அம்மா எந்தப் பாடத்தில் மார்க் கம்மி? எதுக்கு அழுவாங்க? நீங்க ரெண்டு பேரும் எதுக்காவது பேசாம இருந்திருக்கீங்களா? பதிலை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள், அம்மாவுக்கு உடனே காட்டாதே. உனக்கு 12 முடிவதற்குள் கிளம்பினால் அரை டிக்கெட்டில் போகலாம், ஆனால் பெர்த் கிடையாது. தனி பெர்த் வேண்டுமென்றால் அப்பாவிடம் இப்போதே சொல்லி முழு டிக்கெட் எடுக்கச் சொல்.